மூணாவது கிராஸ் ரெண்டு இருக்கு சார்

போன வாரம் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கொதித்துப்போய் எழுதியிருந்தார். "நாள் பூரா வீட்லயேதான் இருந்தேன். கஸ்டமர் நாட் அவைலபிள்னு போட்டுட்டுப் போயிட்டான். இந்த டெலிவரி பசங்க எல்லாருமே பொய் சொல்றாங்க." கீழே வரிசையாக ஆமாம் ஆமாம் என்று கட்டைவிரல்கள்.

அந்தப் பொய் எங்கே தயாராகிறது என்று எனக்குத் தெரியும். பெங்களூரில் கம்மனஹள்ளி பக்கம் ஒரு டெலிவரி ஹப்பில் இரண்டரை வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் ஆன்லைனில் வாங்கும் பார்சல் உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் கடைசியாக இறங்கும் ஷெட் அது. அந்தப் பொய்யைச் சில ராத்திரிகளில் நானே போனில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

எங்கள் ஹப்பில் ஓர் அண்ணன் இருந்தார். பென்னாகரம் பக்கத்துக்காரர், வயது நாற்பத்தைந்து இருக்கும். ஆப் எல்லாம் வருவதற்கு முன்பே இதே ஊரில் சைக்கிளில் கூரியர் போட்டவர். ஹப்புக்குள் என்னை சார் என்பார், வெளியே டீக்கடையில் தம்பி என்பார். எனக்கு இரண்டு இடத்திலும் அவர் அண்ணாதான்.

காலை ஏழு மணிக்கு மூட்டை பிரித்ததும் அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அறுபது எழுபது பார்சல் இருக்கும். ஒவ்வொரு லேபிளையும் படித்து, அட்டைப்பெட்டியின் மூலையில் கறுப்பு மார்க்கரில் ஓர் எழுத்து போடுவார். 'கா' என்றால் காலையிலேயே கொடுத்துவிட வேண்டும். 'மே' என்றால் மேல்மாடி, லிப்ட் கிடையாது. 'நா' என்றால் நாய் இருக்கிறது. 'கீ' என்றால் ஆள் இல்லாவிட்டாலும் கீழ்வீட்டில் வாங்கி வைப்பார்கள். கடைசியில் கொடுக்க வேண்டியதை பையின் அடியிலும் முதலில் கொடுக்க வேண்டியதை மேலேயும் அடுக்குவார். ஹட்சின்ஸ் ரோடு பக்கம் ஒரு பெரியவர், பக்கவாதம் வந்தவர், கதவைத் திறக்க அஞ்சு நிமிஷம் பிடிக்கும். அவருக்குத் தெருமுனையிலேயே போன் போட்டுச் சொல்லிவிடுவார். லிங்கராஜபுரத்தில் பார்லரில் வேலை செய்யும் அக்கா ஒருத்தர் பத்து மணிக்கெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் பெட்டியில் எப்போதும் 'கா'.

இந்த ஊர் விலாசத்தைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மெயின், கிராஸ், லேஅவுட், பழைய நம்பர், புது நம்பர். லேஅவுட்டுக்கு லேஅவுட் கிராஸ் எண் முதலிலிருந்து ஆரம்பிக்கும். எங்கள் ஏரியாவிலேயே மூணாவது கிராஸ் இரண்டு உண்டு. மேப் காட்டும் புள்ளி ஒன்றில் இருக்கும், வீடு இன்னொன்றில் இருக்கும். அண்ணனுக்கு இது மனப்பாடம்.

அப்புறம் ஆப்பில் ஒரு மாற்றம் வந்தது. யார் வீட்டுக்கு முதலில் போவது, யார் வீட்டுக்கு அடுத்தது என்று ஆப்பே வரிசை போட்டுக் கொடுக்கும். அந்த வரிசைப்படி போனீர்களா என்பதற்கு ஒரு சதவீதம். முதல் தடவையிலேயே கொடுத்தீர்களா என்பதற்கு ஒரு சதவீதம். மணிக்கு எத்தனை வீடு என்று ஒரு கணக்கு. ராத்திரி ஒன்பதுக்குள் ரன்ஷீட்டில், அதாவது அன்றைய பார்சல் பட்டியலில், பாக்கி இல்லாமல் மூடினீர்களா என்று இன்னொன்று. நான் ஷெட்டில் ஸ்க்ரீன் முன்னால் உட்கார்ந்து பதினோரு மணிக்கு, ஒரு மணிக்கு, நாலு மணிக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். "எத்தனை முடிஞ்சுது? ஏன் இருபது நிமிஷமா ஒரே எடத்துல நிக்குது?" ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு, வண்டியை ஓட்டியபடியேதான் பதில் சொல்வார்கள். அது எனக்குத் தெரிந்தேதான் கூப்பிட்டேன்.

ஆப் வரிசையில் பார்லர் அக்கா வீடு முப்பத்தொன்றாவது. அங்கே போய்ச் சேர மதியம் இரண்டு மணி ஆகும், வீடு பூட்டியிருக்கும். வரிசைப்படி போனால் முதல் தடவைக் கணக்கு விழும். அக்கா வீட்டுக்கு முதலில் போனால் வரிசைக் கணக்கு விழும். எப்படிப் போனாலும் ஏதோ ஒன்று சிவப்பாகத்தான் நிற்கும். இரண்டையும் தனித்தனி ஆட்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் போலிருக்கிறது. இரண்டும் வந்து மோதும் இடத்தில் அண்ணன் பைக்கில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஹப்பில் ஒரு பார்சலுக்கு 14 ரூபாய். கதவு பூட்டியிருந்தால் அதுவும் கிடையாது. பெட்ரோல் அவருடையது.

ஒரு ராத்திரி எட்டேமுக்காலுக்கு அவரிடம் நாலு பாக்கி இருந்தது. நல்ல மழை. ஏரியா மேனேஜர் என்னை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். நான் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, அந்த நாலையும் நாட் அவைலபிள் போட்டு குளோஸ் பண்ணிடுங்க. காலைல மொதல்ல குடுத்துக்கலாம்."

"போகாமலே எப்படி சார் போடறது?"

"எல்லாரும் அப்படித்தாண்ணா பண்றாங்க."

கொஞ்ச நேரம் மழைச் சத்தமும் வண்டிச் சத்தமும் மட்டும் கேட்டது. ஸ்க்ரீனில் நாலு சிவப்புக் கட்டமும் ஒவ்வொன்றாகப் பச்சை ஆயின. அந்தத் தெருக்களைத் தாண்டித்தான் வந்திருந்தார் என்பதால் ஜி.பி.எஸ்.ஸும் ஒத்துப்போனது. எந்தக் கேள்வியும் வரவில்லை. இருபது வருஷம் ஒருத்தர் வீட்டு வாசலில் பொய் சொல்லாத மனிதரை நான் அன்றைக்குப் பொய் சொல்ல வைத்தேன்.

அடுத்த மாதம் அவர் ஐடி பிளாக் ஆனது. காரணம், போகாமலே போனதாகப் போட்டுவிட்டார் என்று சிஸ்டம் சொன்னது. அந்த ஒரு பார்சலுக்கு அவர் உண்மையாகவே போயிருந்தார். வீடு பூட்டியிருந்ததால் அங்கே நின்றபடியே ஆப்பில் பதிந்திருக்கிறார். மேப்பின் புள்ளி இன்னொரு மூணாவது கிராஸில் இருந்தது.

"மூணாவது கிராஸ் ரெண்டு இருக்கு சார். இது அவங்களுக்குத் தெரியாதா?"

புகார் டிக்கெட் போட்டேன். தானியங்கி பதில் வந்தது. மறுபடி போட்டேன், அதே பதில் வந்தது. மேனேஜரிடம் சொன்னேன், மெயில் போடு என்றார். ஐடி பிளாக் ஆகியிருந்த ஒன்பது நாளும் அண்ணன் காலை ஏழு மணிக்கு வந்து எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். "ஒண்ணும் வரலயா தம்பி?" என்று மட்டும் கேட்பார்.

எண்ணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பார்சல் ஓடும் இடத்தில் கணக்கு இல்லாமல் முடியாது. எனக்கு ஆத்திரம், அந்த ஆப்பில் 'ஏன்' என்று எழுத ஒரு கட்டம் இல்லையே என்பதுதான். செக்யூரிட்டி கேட்டில் பத்து நிமிஷம் நிறுத்தினான், சர்வீஸ் லிப்ட் ரிப்பேர், ஹென்னூர் மெயின் ரோட்டில் முட்டளவு தண்ணீர், புள்ளி தப்பான தெருவில் இருக்கிறது. இதெல்லாம் போய்ச் சேர இடமே இல்லை. காரணம் சொல்ல வழியில்லாதவரிடம் கணக்கு மட்டும் கேட்டால் அவர் கணக்கைத்தான் சரிசெய்வார். நம் வாட்ஸ்அப் குழுவில் கொதித்தவர் வாங்கிக்கொண்ட பொய் அது.

இது ஒரு ஹப்பின் கதை என்று தள்ளிவிட முடியாது. நிரந்தர வேலை இல்லாமல் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் காசு வாங்குபவர்களை கிக் தொழிலாளர்கள் என்கிறார்கள். 2020-21இல் நாட்டில் அப்படி 77 லட்சம் பேர், 2029-30இல் 2.35 கோடி ஆகும் என்று 2022இல் நிதி ஆயோக்கே அறிக்கை கொடுத்தது. இவர்களுக்கென ராஜஸ்தான் 2023இல் நாட்டின் முதல் சட்டம் போட்டது. கர்நாடகத்தில் 2025 மே மாதம் அவசரச் சட்டம் வந்து, ஆகஸ்டில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனங்கள் நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு இரண்டு விஷயங்கள். ஒருவரை நீக்குவதென்றால் எழுத்தில் காரணம் சொல்லி 14 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். ஆப் எதையெல்லாம் வைத்து அவரை எடைபோடுகிறது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அண்ணனுக்கு நடந்தபோது இது இல்லை. ஆனால் ஒன்பது நாள் பிளாக்கை 'நீக்கம் இல்லை, தற்காலிக நிறுத்தம்தான்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. சம்பளம் நின்றுபோனவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஐடியைத் தொடுவதற்கு முன் ஒரு மனிதர், பெயர் சொல்லக்கூடிய ஒரு மனிதர், அவரிடம் பேச வேண்டும். தமிழில் பேசுபவரிடம் தமிழில் பேச வேண்டும். சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக்நகரிலும் இருந்து வண்டி எடுக்கும் நம்மவர்கள் எத்தனை பேர் அந்த இங்கிலீஷ் மெசேஜைப் புரியாமலே ஓகே அழுத்துகிறார்கள்!

அமெரிக்காவில் கலிஃபோர்னியா 2021இல் கிடங்குத் தொழிலாளர்களுக்காக ஒரு சட்டம் செய்தது. இலக்கு என்ன என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும், சாப்பிடவும் கழிப்பறைக்குப் போகவும் விடாத இலக்கை வைக்கக் கூடாது என்கிறது அது. கழிப்பறை என்று படித்ததும் எங்கள் ஹப்பில் இருந்த ஒரே பெண் ரைடர் ஞாபகம் வந்தார். காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. என் ஸ்க்ரீனில் அவர் பெயருக்கு நேரே "பதினைந்து நிமிடம் அசைவில்லை" என்று மட்டும் வரும்.

2025 டிசம்பர் 31 அன்று ரைடர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த மாதம் மத்திய தொழிலாளர் அமைச்சர் தலையிட்டு, பத்து நிமிடத்தில் டெலிவரி என்ற வாக்குறுதியை நிறுவனங்களின் விளம்பரத்தில் இருந்து எடுக்க வைத்தார். நல்லது. ரைடரின் போனுக்குள் ஓடும் கணக்கிலும் அது இறங்க வேண்டும்.

பத்தாவது நாள் அண்ணன் ஐடி திறந்தது. காரணமும் சொல்லவில்லை, ஒன்பது நாள் காசும் வரவில்லை. மறுநாள் ஏழு மணிக்கு வந்தார். மூட்டை பிரித்தோம். அவர் தரையில் உட்காரவில்லை. ஆப் காட்டிய வரிசையில் ஸ்கேன் பண்ணி, அப்படியே பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்த வாரம் அவருடைய வரிசைக் கணக்கு முழுப் பச்சை. மேனேஜர் மீட்டிங்கில் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

ஒரு சனிக்கிழமை பார்லர் அக்கா ஹப்பைத் தேடிக்கொண்டு வந்தார். மூன்று தடவை போய்க் கதவு பூட்டியிருந்ததால், திருப்பி அனுப்ப எடுத்து வைத்திருந்த பார்சல் அவருடையது.

"காலைலயே கொண்டாந்து குடுப்பாரே அந்த அண்ணன், அவரு வேலைய விட்டுட்டாரா?"

"இருக்காருக்கா. லைன்ல போயிருக்காரு."

ரேக்கிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். மூன்று நாள் மழையில் போய்த் திரும்பி விளிம்பெல்லாம் நைந்துபோன அட்டைப்பெட்டி. மூலையில் எழுத்து எதுவும் இல்லை.