ஸ்கின்னரின் மகள் தற்கொலை செய்துகொண்டாரா? இல்லை
உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தன் மகளைச் சோதனைப் பெட்டியில் அடைத்து வளர்த்தார், அவள் மனம் சிதைந்து தற்கொலை செய்துகொண்டாள் என்று பரவும் செய்தி பொய். 1944இல் பிறந்த டெபோரா ஓவியரானார்; 2004இல் 'கார்டியன்' நாளிதழில் தானே மறுப்பு எழுதினார்.

குழப்பத்தின் வேர், 1945 அக்டோபரில் ஒரு பெண்கள் இதழ் வைத்த 'பெட்டிக்குள் குழந்தை' என்ற தலைப்பு. ஸ்கின்னர் எலிகளை வைத்துச் சோதித்த பெட்டியின் நெம்புகோலும் இரைத்தட்டும் டெபோராவுக்காகச் செய்த இந்தப் பெட்டியில் கிடையாது. முன்புறம் பாதுகாப்புக் கண்ணாடி, அடியில் இழுத்துக் கட்டிய கித்தான், உள்ளே வடிகட்டிய வெதுவெதுப்பான காற்று. குளிருக்குத் துணி சுற்றாமல் குழந்தை கைகால் உதைக்கட்டும் என்று செய்த தொட்டில், அவ்வளவுதான். பால் கொடுக்க, கொஞ்ச வெளியே எடுத்தார்கள்.

மூத்த மகள் ஜூலி வர்காஸ் தன் பிள்ளைகளையும் இத்தகைய தொட்டிலில்தான் வளர்த்தார். அவர் தலைமை வகித்த பி.எஃப். ஸ்கின்னர் அறக்கட்டளை தந்தையின் நூல்களை மறுபதிப்பு செய்கிறது. 'அறிவியலும் மனித நடத்தையும்' என்ற 1953ஆம் ஆண்டு நூலை இலவசமாகவே தருகிறது.