நட்பு நாட்டு விமானமும் என் பட்டறை இயந்திரமும்

கடலூரில் எனக்கு ஒரு சிறிய லேத் பட்டறை இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கடன் வாங்கி கணினி சொல்லும்படி தானே உலோகத்தைக் கடையும் வெளிநாட்டுத் தயாரிப்பான சி.என்.சி. இயந்திரம் ஒன்றை இறக்கினேன். போன தீபாவளி விடுமுறை முடிந்து ஷட்டரைத் தூக்கினால், திரை எரிகிறது, இயந்திரம் அசையவில்லை. கன்ட்ரோலருக்குள் இருந்த பேட்டரி தீர்ந்துபோய், அதில் பதிந்திருந்த பாராமீட்டர்கள், அதாவது இயந்திரத்தின் அமைப்பு எண்கள், அத்தனையும் அழிந்துவிட்டன. பேட்டரி சில நூறு ரூபாய்தான். ஆனால் அந்தப் பாராமீட்டர்களின் நகலை விற்றவர்கள் எங்களிடம் தரவே இல்லை. அவர்களுடைய ஆள் லேப்டாப்போடு வந்து ஏற்ற வேண்டும். வந்து சேரப் பதினேழு நாள் ஆயிற்று. வங்கித் தவணை மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.

பிரான்சிடம் நாம் வாங்கும் ரஃபேல் போர் விமானம் பற்றிப் பேச வந்தவன் இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குப் பாதுகாப்பு ஒத்துழைப்பு என்ற சொல் புரிந்ததே அந்தப் பதினேழு நாளில்தான்.

என் மனைவியின் ஊர் புதுச்சேரி. அவளுடைய பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். புதுச்சேரி வழக்கில் 'சொல்தா'. பிரெஞ்சு தேசிய தினமான ஒவ்வொரு ஜூலை 14 அன்றும் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்துக்குப் போய்விடுவார். இந்த முறை நானும் போனேன். விழா முடிந்து காபி குடிக்கும்போது, ஆயுதத்துக்கு பிரான்சை நம்பலாமா என்ற எங்கள் வழக்கமான வாக்குவாதம் ஆரம்பித்தது.

"ஏன் மாப்பிள்ளை, எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறீர்கள்? 1998இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை போட்டது, ஜப்பான் தடை போட்டது. பிரான்ஸ் போட்டதா?"

போடவில்லை. அதை நான் மறுக்கவே மாட்டேன். நாமே உருவாக்கும் தேஜஸ் போர் விமானத்துக்காக அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இந்தியப் பொறியாளர்களை அந்த ஆண்டு திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டில்தான் பிரான்ஸ் நம்மோடு உறவை இன்னும் நெருக்கமாக்கிக்கொண்டது. 1953இல் வந்த தூஃபானி போர் விமானம், இன்றும் பறக்கும் சேத்தக் ஹெலிகாப்டர், மும்பை மசகான் தளத்தில் கட்டிய ஆறு ஸ்கார்பீன் நீர்மூழ்கிகள், 36 ரஃபேல், கடற்படைக்காக 2025 ஏப்ரலில் கையெழுத்தான இன்னும் 26 என்று பட்டியல் நீளம்.

"ஆனால் மாமா, எங்கள் ஊர்க் கதை உங்களுக்குத் தெரியுமே" என்றேன்.

1783 ஜூன். கடலூருக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, துணைக்கு மைசூர்ப் படை. வெளியே ஆங்கிலேயர் முற்றுகை. கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனின் கப்பல்கள் ஆங்கிலக் கப்பல்களோடு மோதின. இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மடிந்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால், ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. செய்தி ஜூன் கடைசியில்தான் கப்பலேறி இங்கே வந்தது. வந்த உடனே பிரெஞ்சுக்காரர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்கள். மங்களூர் முற்றுகையில் திப்பு சுல்தானோடு நின்ற பிரெஞ்சுப் படையும் விலகிக்கொண்டது. திப்பு தனியாகப் போரை இழுத்துச் சென்று, 1784 மார்ச்சில் தன் சமாதானத்தைத் தானே பேசி முடித்தார். பிரெஞ்சுக்காரர்களைத் துரோகி என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் தங்கள் மன்னரின் பேச்சைக் கேட்டார்கள். திப்புவுக்கு அந்த மன்னரிடம் ஓட்டு இல்லை, அவ்வளவுதான்.

மாமா சிரித்துவிட்டு, "அது ராஜா காலம்" என்றார். சரி, 2021 செப்டம்பர் ராஜா காலமா? பிரான்சிடம் 12 நீர்மூழ்கிகள் வாங்குவதாக இருந்த ஆஸ்திரேலியா, அமெரிக்காவும் பிரிட்டனும் கூப்பிட்டதும் அந்தப் பக்கம் போய்விட்டது. பிரான்ஸ் வாஷிங்டனிலிருந்தும் கான்பெராவிலிருந்தும் தன் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அந்த வாரம் முழுவதும் இதே மாமா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று மார்தட்டும் கூட்டத்திலும் நான் இல்லை. என் பட்டறையில் போல்ட்டைக்கூட வெளியில்தான் வாங்குகிறேன். எதை வாங்குகிறோம் என்பதைவிட, வாங்கும்போது என்ன கற்றுக்கொள்கிறோம் என்பதுதான் என் கேள்வி. இதற்கு நல்ல உதாரணமும் பிரான்சிடமிருந்தே வருகிறது. 1974இல் இஸ்ரோ பிரெஞ்சு நிறுவனமான எஸ்.இ.பி.யோடு வைக்கிங் ராக்கெட் இன்ஜினுக்காக ஓர் ஒப்பந்தம் போட்டது. நாம் கொடுத்த விலை பெரும்பாலும் உழைப்பு. நம் பொறியாளர்கள் வெர்னோன் நகரத்துக்குப் போய் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து வேலை பார்த்தார்கள். நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் அந்த முயற்சியை வழிநடத்தியவர். திரும்பி வந்து கட்டியதுதான் விகாஸ் இன்ஜின். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் அது இருக்கிறது. சந்திரயான்-3ஐத் தூக்கிச் சென்ற ராக்கெட்டிலும் அது இருந்தது.

லேத் வேலையும் அப்படித்தான். புதிதாக வரும் பையனிடம் வரைபடத்தை மட்டும் கொடுத்தால் வேலை வராது. பக்கத்தில் நிறுத்தி, விழும் இரும்புச் சுருளில் சூட்டால் நீலம் பாய்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

மறுபக்கம் தேஜஸின் மேம்பட்ட வடிவமான தேஜஸ் மார்க்-1ஏ. 2021இல் விமானப்படை 83 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அவற்றுக்காக அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்திடம் 99 இன்ஜின்கள் கேட்டோம். முதல் இன்ஜின் வந்தது 2025 மார்ச்சில். நிறுத்தி வைத்திருந்த உற்பத்தி வரிசையை மறுபடி தொடங்கவே அவர்களுக்கு அவ்வளவு காலம் பிடித்தது. பகை இல்லை, தடை இல்லை. ஆனாலும் விமானப்படை காத்துக்கொண்டிருந்தது.

அடுத்த தலைமுறைப் போர் விமானத்துக்கு பிரெஞ்சு நிறுவனமான சஃப்ரானோடு சேர்ந்து இன்ஜின் உருவாக்கப் போவதாக 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். எனக்கு அதில் எத்தனை கோடி என்பது முக்கியமில்லை. இன்ஜினுக்குள் கடும் வெப்பத்தில் சுழலும் டர்பைன் பிளேடை ஒற்றைப் படிகமாக வார்க்கும் வித்தை நம் ஆட்களின் கைக்கு வருமா? வார்ப்பு நடக்கும் உலைக்குப் பக்கத்தில் நம் பையன்கள் நிற்பார்களா, அல்லது கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வார்களா?

இதையெல்லாம் கேட்டுவிட்டு மாமா காபிக்குப் பணம் கொடுத்தார். "உங்கள் இயந்திரம் கெட்டதற்கு பிரான்ஸ் என்ன செய்யும்?" என்றார். நியாயம்தான்.

இரண்டாவது இயந்திரம் வாங்க இப்போது விலைப்புள்ளி கேட்டிருக்கிறேன். பாராமீட்டர் நகலும் பாஸ்வேர்டும் எழுத்துப்பூர்வமாகத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். விற்பனைப் பிரதிநிதி தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மூன்று வாரம் ஆகிறது.