சங்கத்துக்குள் யார், வெளியே யார்?

பெரம்பூர், புளியந்தோப்புப் பகுதிகளில் "பின்னி மில்லுக்காரர் வீடு" என்று சொன்னாலே பெரியவர்களுக்குப் போதும். 1996-இல் மூடப்பட்ட அந்த நெசவாலை இன்னும் மனிதர்களுக்கு முகவரியாக இருப்பதற்கு, அது கொடுத்த கூலி மட்டும் காரணமாக இருக்க முடியாது.

1918 ஏப்ரல் 27 அன்று அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது, அன்னி பெசன்டின் தோழரான பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. உடன் நின்றார். ஆனால் அதற்கு முன்பே செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்திவந்த பக்திச் சபையில் ஆலைத் தொழிலாளர்கள் கூடிப் பழகியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போதிய நேரமில்லை, மேஸ்திரி அடிக்கிறான் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே விழுங்கிக்கொண்ட அவமானம், சேர்ந்து உட்கார்ந்து பேசியபோதுதான் பொதுக் கோரிக்கையானது. சேர்ந்து உட்காரவும், சந்தா கட்டவும், கையை உயர்த்தி முடிவெடுக்கவும் இடம் கொடுக்கிற அமைப்பைத்தான் மனிதர்கள் தமதென்று கருதுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். சீருடையும் ஆண்டு விழாவும் அந்த உரிமைக்கு ஈடாகா.

இதே சங்கத்தின் வரலாற்றில் 1921-ஐயும் நாம் பேசியாக வேண்டும். அந்த ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நிர்வாகமும் அரசும் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன என்பது உண்மை. ஆனால் அவர்கள் அந்தப் பிளவை உண்டாக்கவில்லை. தெருவிலும் கிணற்றடியிலும் அது முன்பே இருந்தது. தறிக்கு அருகில் தோழனாக நின்றவனை வீட்டு வாசலில் நிறுத்திவைத்த சமூகம், அவன் வேலைக்குப் போனதும் வேலைநிறுத்தத்தை உடைத்த கருங்காலி என்று ஏசியது நியாயமே இல்லை.

இன்று மணலி, எண்ணூர் பக்கம் ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். ஆனால் கூலி வேறு, பல இடங்களில் சங்கமும் வேறு. சில இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சங்கமே இல்லை. மே தினத்தில் அவர்களையும் தோழர்களே என்று அழைக்கிறோம். அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு முன்பாவது அவர்களை உறுப்பினராகச் சேர்த்து, சங்க நிர்வாகக் குழுவில் ஓட்டுரிமையோடு உட்காரவையுங்கள் என்று வடசென்னைச் சங்கப் பொறுப்பாளர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.