1098 மீந்த சாப்பாட்டுக்கான எண் அல்ல

“வீட்டு விசேஷத்தில் சாப்பாடு மீந்துவிட்டதா? 1098-க்கு அழையுங்கள், வந்து எடுத்துப்போய் ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள்” என்ற செய்தி குன்னூர், கோத்தகிரி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடி சுற்றுகிறது. நல்ல மனசோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் தகவல் தவறு. நாடு முழுக்கப் பல வருடங்களாகச் சுற்றும் பழைய செய்தி இது. 1098 சேவையை நடத்திவந்த சைல்டுலைன் அமைப்பே இதை மறுத்திருக்கிறது.

1098 என்பது ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான உதவி எண். 1996-இல் மும்பையில் தொடங்கிய சேவை, இப்போது மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின்கீழ் வருகிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் அழைக்கலாம். பள்ளிக்குப் போகிற வழியில் யாராவது பின்தொடர்ந்தாலோ, பஸ்ஸிலோ வகுப்பிலோ யாராவது தவறாக நடந்தாலோ குழந்தையே கூப்பிட்டுப் பேசலாம். தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடந்துவந்து பஸ் பிடிக்கிற பிள்ளைகளுக்கு இந்த எண் எதற்கென்று சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். பிரியாணி அண்டாவுக்காக அந்த லைனைப் பிடித்து வைத்தால், உண்மையிலேயே உதவி தேடும் பிள்ளை காத்திருக்க நேரும்.

பள்ளி தொடர்பான புகாருக்குத் தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் இணையதளத்தில் பாருங்கள். நீலகிரி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் கேட்கலாம்.

சரி, மீந்த சாப்பாட்டை என்ன செய்வது? பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்திலோ காப்பகத்திலோ விசேஷத்துக்கு முன்பே பேசி வையுங்கள். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள். அனுப்பியவரிடமும் பக்குவமாகச் சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.