நிறுத்திப் பார்க்காமல் புளொக் பிளகினைத் தெரிவு செய்யாதீர்கள்

இணையத்தளம் கட்ட உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் பக்கங்களை வடிவமைக்க எந்த புளொக் பிளகினைப் போடலாம் என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். புளொக் என்பது பந்தி, படம் போன்ற பக்கத்தின் ஒரு துண்டு; அத்தகைய துண்டுகளை மேலதிகமாகத் தரும் இணைப்பு மென்பொருள்தான் புளொக் பிளகின். ஒருவர் உப்புவெளியில் ஆறு அறைகள் கொண்ட விடுதியொன்றை நடத்துபவர். இன்னொருவர் கிண்ணியாவில் மாலை வகுப்புகள் நடத்தும் ஆசிரியர். மூன்றாமவர் இப்போதுதான் இத்தொழிலுக்குள் கால் வைத்திருக்கும் தம்பி ஒருவர். "எதிலே கூடுதலா புளொக் இருக்கு, அண்ணா?" என்பதுதான் அவருடைய கேள்வி, மற்ற இருவர் கேட்டதும் ஏறக்குறைய அதுவேதான். திருகோணமலையில் பத்து வருடங்களாகச் சிறிய வியாபாரங்களுக்குத் தளம் கட்டிக் கொடுத்துவரும் எனக்கு இந்தக் கேள்வியே தலைகீழாகப் படுகிறது. அந்தப் பிளகினை ஒருநாள் நிறுத்தினால் பக்கத்தில் என்ன மிஞ்சும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

2018 டிசம்பரில் வெளியான 5.0 பதிப்புடன் வேர்ட்பிரஸ் தன் பழைய எழுதுபெட்டியைக் கைவிட்டு, அச்சுக்கலையின் முன்னோடியான கூட்டன்பர்க்கின் பெயர் சூட்டப்பட்ட புளொக் எடிட்டருக்கு மாறியது. பந்தி ஒரு புளொக், படம் ஒரு புளொக், பட்டன் ஒரு புளொக். இவை தரவுத்தளத்தில், இணையப் பக்கங்கள் எழுதப்படும் குறிமொழியான சாதாரண எச்.டி.எம்.எல். ஆகவே சேமிக்கப்படுகின்றன; ஒவ்வொன்றின் முன்னும் பின்னும், இது இன்ன புளொக் என்று சொல்லும் குறிப்பு ஒன்று, பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாதபடி எழுதப்பட்டிருக்கும். சதுர அடைப்புக்குறிக்குள் குறுங்குறி எழுதிவைத்த பழைய காலப் பக்க வடிவமைப்பான்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். அவற்றை நிறுத்தினால் பக்கம் முழுவதும் அடைப்புக்குறிகள் சிதறிக் கிடக்கும். புளொக்கை நிறுத்தினால் எழுத்தாவது மிஞ்சும். ஆனால் எல்லா புளொக்குகளும் அப்படியல்ல. சில, பக்கம் திறக்கப்படும் நேரத்தில்தான் சேவையகத்தில் உருவாக்கப்படுகின்றன; அண்மைய பதிவுகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் புளொக் இதற்கு நல்ல உதாரணம். பிளகின் இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாகிவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்துகொள்ளவில்லை. நிலாவெளியில் ஒரு விடுதிக்காகத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் ஐந்தைந்து பக்கங்களாகப் பதினைந்து பக்கங்கள் கட்டியிருந்தேன். அப்போது கையில் கிடைத்த, ஐம்பதுக்கு மேற்பட்ட புளொக்குகளைக் காட்டி மயக்கிய பிளகின் ஒன்றைப் பாவித்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். மே மாதத் தொடக்கத்தில், கடல் அமைதியாகி வெளிநாட்டவர் வரத் தொடங்கும் அந்த வாரத்தில், பெரிய அப்டேட் ஒன்று வந்தது. இரவு பதினொரு மணிக்கு, பரீட்சித்துப் பாராமல், நேரடியாக ஓடிக்கொண்டிருந்த தளத்திலேயே பட்டனை அழுத்தினேன். காலையில் விடுதிக்கார அக்காவின் அழைப்பு: "தம்பி, விலை மாத்தப் போனா உள்ள ஏதோ பிழை எண்டு காட்டுது, அறையெல்லாம் ஒண்டுக்குக் கீழ ஒண்டாக் கிடக்கு." திறந்து பார்த்தால், எதிர்பாராத அல்லது செல்லாத உள்ளடக்கம் இந்த புளொக்கில் இருப்பதாக எடிட்டர் சொல்லிக்கொண்டிருந்தது, மீட்டெடுக்கும் பட்டனை அழுத்தியபோது விலைப்பட்டியல் தன் ஆரம்ப மாதிரி எழுத்துகளுக்கே திரும்பிப் போனது.

நடந்தது இதுதான். புளொக் தன் எச்.டி.எம்.எல். வடிவத்தை மாற்றும்போது, பழைய வடிவத்தையும் அடையாளம் காணும் வழியை அதன் நிரலாளர் உள்ளே விட்டுவைக்க வேண்டும். விடாவிட்டால், சேமிக்கப்பட்டிருப்பதும் தான் எதிர்பார்ப்பதும் பொருந்தவில்லை என்று எடிட்டர் கைவிரித்துவிடும். வெளியே பார்ப்பவருக்கோ பழைய எச்.டி.எம்.எல்.லும், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் புதிய சி.எஸ்.எஸ்.ஸும் ஒட்டாமல் நிற்கும் பக்கம் தெரியும். பதினைந்து பக்கங்களையும் கையால் சரிசெய்ய இரண்டு நாட்கள் போயின. பிழையில் பாதி என்னுடையது என்பதை மறைப்பதற்கில்லை.

அதன்பிறகு, எந்த புளொக் பிளகினையும் தளத்தின் ஒரு பரீட்சார்த்தப் பிரதியில்தான் முதலில் நிறுவுகிறேன். அதைக்கொண்டு ஒரு முகப்பு, மூன்று அறைப் பெட்டிகள், ஒரு விலைப்பட்டியல், ஒரு தொடர்புப் படிவம் ஆகியவற்றை அமைத்துவிட்டுப் பிளகினை நிறுத்திவிடுவேன். வண்ணமும் நெடுவரிசைகளும் போவது எதிர்பார்த்ததுதான். அறையின் பெயர், விலை, படம், தொலைபேசி எண் ஆகியவை வாசிக்கக்கூடியதாக நிற்கின்றனவா என்பதே கேள்வி. பிறகு எடிட்டருக்குள் போய், இந்த புளொக்கைத் தளம் அறியவில்லை என்று சொல்லும் பெட்டிகள் எத்தனை, அவற்றை எச்.டி.எம்.எல். ஆக வைத்துக்கொண்டால் உள்ளே கிடப்பது நேரான தலைப்பும் பந்தியுமா அல்லது ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு உறைகளா என்று பார்ப்பேன். அரை மணித்தியால வேலை. எந்த விளம்பரப் பக்கமும் சொல்லாததை அந்த அரை மணித்தியாலம் சொல்லிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலர் பிளகின் தேடுவது, வேர்ட்பிரஸ் ஏற்கெனவே கையில் தந்திருப்பதைப் பாராமல்தான். பதிவுகளைத் தெரிந்தெடுத்துக் காட்டும் குவரி லூப் 2021 இல் 5.8 உடன் வந்தது. அழுத்தினால் விரியும் கேள்வி பதிலுக்கு உதவும் டீட்டெய்ல்ஸ் புளொக் 2023 இல் 6.3 உடனும், படத்தை அழுத்தினால் பெரிதாகத் திறக்கும் வசதி அதே ஆண்டு 6.4 உடனும் வந்தன. உப்புவெளி விடுதிக்காரர் கேட்டவற்றுள் முக்கால்வாசி இவற்றோடு, துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் குரூப், நெடுவரிசைகளாகப் பிரிக்கும் கொலம்ஸ், படத்தின் மேல் எழுத்து வைக்கும் கவர் ஆகிய மூன்றையும் சேர்த்தாலே முடிந்துவிடும். மிஞ்சுவது கைத்தொலைபேசியில் நெடுவரிசைகள் எப்படி மடிய வேண்டும், இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்ற நுணுக்கக் கட்டுப்பாடு. உண்மையில் பிளகின் தேவைப்படுவது அங்கேதான்.

அந்த இடத்துக்கு என் தெரிவு ஜெனரேட்புளொக்ஸ். அது கொண்டுவரும் புளொக்குகள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். கட்டமைப்பு மெலிதாக இருக்கும். ஆனால் பெட்டிக்குள் பெட்டி என்று வடிவத்தை நாமே யோசிக்க வேண்டும். அதற்குப் பொறுமையில்லாத, அழுத்தினால் பகுதி மாறும் தாவல்களும் படிவமும் ஆயத்தமாக வேண்டும் என்பவருக்குக் கேடன்ஸ் புளொக்ஸ் பொருந்தும். ஸ்பெக்ட்ரா, ஸ்டாக்கபிள், ஒட்டர் ஆகியவற்றையும் பாவித்திருக்கிறேன்; குறை சொல்லுமளவுக்கு எதுவும் இல்லை. ஆனால் இவற்றுள் இரண்டை ஒரே தளத்தில் சேர்த்துப் போடாதீர்கள். புளொக் எடிட்டரைச் சாராத பக்க வடிவமைப்பானான எலிமென்டரில் கைதேர்ந்து, அதிலேயே பிழைப்பு நடத்துபவர் அதை விட்டு ஓடிவர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

தமிழுக்கென்று தனியாக ஒரு சோதனை உண்டு. இந்தப் பிளகின்களோடு வரும் ஆயத்த வடிவங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து வரையப்பட்டவை: தலைப்புக்கு வரி உயரம் எழுத்தின் அளவைப்போல் 1.1 மடங்கு, எழுத்திடைவெளி கழித்தல் கணக்கில். அதில் 'நிலாவெளிக் கடற்கரைக்கு அண்மையில் அமைதியான தங்குமிடம்' என்று எழுதிப் பாருங்கள். தலைப்பு இரண்டு வரியாக மடியும்போது மேல்வரியின் 'கு' போன்றவற்றின் கால்கள் கீழ்வரியின் 'மி' போன்றவற்றின் சுழிகளில் போய் முட்டும். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்று நெடுவரிசைப் பெட்டியின் பட்டனுக்குள் 'முன்பதிவுசெய்யுங்கள்' அடங்காது. எனவே தலைப்புக்கு 1.4, பந்திக்கு 1.7 என்று முழுத் தளத்துக்கும் ஒரே இடத்தில் மாற்றிவிட முடிகிறதா, ஒவ்வொரு புளொக்காகத் திறந்து மாற்ற வேண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற எழுத்துருக்களை 2024 இல் வந்த 6.5 முதல், தளத்தின் தோற்றம் முழுவதையும் புளொக்குகளாலேயே கட்டும் புளொக் தீம்களில் நம் தளத்திலேயே நிறுவிக்கொள்ளலாம் என்பதால், எழுத்துருவுக்காகப் பிளகின் தேட வேண்டியதில்லை.

தளத்தை நாள்தோறும் தொடப்போவது நாமல்ல என்பதையும் மறந்துவிடுகிறோம். நிலாவெளியில் அதைச் செய்பவர் அந்த அக்காவின் மகள். வாட்ஸ்அப்பில் முன்பதிவுகளுக்குப் பதில் எழுதிக்கொண்டே விலையையும் மாற்றுபவர். பக்கங்கள் முழுவதும் பழைய பிளகினில் இருந்தபோது புளொக் தேடும் பெட்டியில் 'பட்டன்' என்று தேடினால் அவருக்கு மூன்று வகை வந்து நின்றன. ஒருமுறை ஒன்று, மறுமுறை இன்னொன்று என்று அவர் எடுத்ததில், ஒரே பக்கத்தில் பச்சை, நீலம், வட்டம், சதுரம் என்று பட்டன்கள் வரிசை கட்டின. பிழை அவருடையதல்ல, வேண்டாத புளொக்குகளை நான் மறைத்து வைத்திருக்க வேண்டும். அந்த வசதி எடிட்டரின் விருப்பத்தேர்வுகளிலேயே இருக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை, கட்டணப் பதிப்புகள் பெரும்பாலும் வருடச் சந்தா, அதுவும் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியபோது, புதுப்பிக்க வேண்டாம் என்று சொன்ன வாடிக்கையாளரை நான் குறை கூறவில்லை. இலவசப் பதிப்பிலேயே முழுத் தளமும் நிற்குமாறு கட்டுவது அன்றிலிருந்து என் வழக்கமாகிவிட்டது. உரிமை கைமாறுவதும் இத்துறையில் சாதாரணம்: அட்டொமிக் புளொக்ஸ் என்ற பிளகின் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்திடம் போய் ஜெனசிஸ் புளொக்ஸ் ஆனது, கேடன்ஸ் 2021 இல் லிக்விட் வெப் குழுமத்துடன் இணைந்தது. கைமாறுவதால் பிளகின் கெட்டுவிடும் என்பதில்லை. ஆனாலும் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது, எந்தப் பதிப்புவரை பரீட்சிக்கப்பட்டது, மாற்றக் குறிப்புகளில் பழைய புளொக்குகளைப் பற்றி ஏதாவது எழுதுகிறார்களா என்பதைப் பிளகினின் பக்கத்தில் வாசித்துவிட்டுத்தான் நிறுவுகிறேன்.

நிலாவெளித் தளத்தில் இப்போது அந்தப் பழைய பிளகினைச் சார்ந்திருப்பவை விலைப்பட்டியலும் வரைபடமும் மட்டுமே. மூன்று மொழிகளிலும் சேர்த்து ஆறு புளொக்குகள். வாடைக்காற்று தொடங்கி அறைகள் வெறுமையாகும் மாதத்தில் அவற்றையும் வேர்ட்பிரஸின் சொந்த புளொக்குகளுக்கு மாற்றுவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை அந்தப் பிளகினின் அப்டேட் பட்டனை யாரும் தொடக்கூடாது என்று மகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பாதுகாப்புத் திருத்தம் ஏதாவது வந்தால் மட்டும், முதலில் பரீட்சார்த்தப் பிரதியில், பகல் நேரத்தில், நானே அழுத்துவேன்.