அந்தப் பின்னூட்டத்தில் சிரிக்க என்ன இருக்கிறது?

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் அதுதான் சுற்றுகிறது. யார் போட்டது, எந்தக் குழுவில் போட்டது என்று நான் மறுபடி எழுதப் போவதில்லை. கடற்கொள்ளையர்களை வைத்து எழுதப்பட்ட ஒரு ஃபேன் ஃபிக்‌ஷன் கதைக்கு (பிடித்த தொடரின், நாவலின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதுவது) கீழே ஒரு பிள்ளை, "அக்கா, ராத்திரி பூரா தூங்கல, ஆன் போனி ஜெயில்லேர்ந்து வெளிய வர்ற இடத்துல அழுதுட்டேன்" என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாள். அதை வெட்டி எடுத்து, தலையில் "வாசிப்பு எங்கே போகிறது?" என்று ஒரு வரி. கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்பு. சிரித்தவர்களில் என் நண்பர்களும் உண்டு. அதுதான் வலிக்கிறது.

ஒரு வாசகி, தனக்குப் பிடித்த கதையை எழுதியவரிடம் போய்ப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஃபேன் ஃபிக்‌ஷன் எப்படி நடக்கிறது என்று தெரியாமலேயே சிரிக்கிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் சொல்கிறேன். இந்தக் கதைகள் ஏராளமாக இருக்கிற ஏஓ3 ('ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்') என்ற இணையதளம் 2009இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது, நன்கொடையிலும் தன்னார்வலர்களின் உழைப்பிலும் ஓடுகிறது. 2019இல் அந்தத் தளத்துக்கே, அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹியூகோ விருது கொடுத்தார்கள். அங்கே கதைக்குக் காசு கேட்கக் கூடாது, அது விதி. லட்சம் சொல் எழுதினாலும் எழுதியவருக்குக் கிடைப்பது ஒரு இதயக் குறியும், குடோஸ் என்கிற அது, அப்புறம் பின்னூட்டமும்தான். அதாவது அந்தப் பிள்ளை எழுதிய அந்த ஒரு பக்கம்தான் அந்த எழுத்துக்குக் கூலி. ஆபீஸ் முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு நடுராத்திரியில் அடுத்த அத்தியாயம் எழுத உட்காருகிறவரை உட்கார வைப்பது அதுதான். நீங்கள் சிரித்தது அதைப் பார்த்து.

சரி, கடற்கொள்ளையர் கதைக்கு ஏன் இப்படி உருகுகிறார்கள் என்று கேட்கிறார்கள். ஆன் போனி நிஜமாக வாழ்ந்த ஒரு கடற்கொள்ளைக்காரி. 1720இல் ஜமைக்காவில் அவளுக்கும் கூட இருந்த இன்னொரு கொள்ளைக்காரி மேரி ரீடுக்கும் தூக்குத் தண்டனை விதித்தார்கள். இரண்டு பேரும் கர்ப்பம் என்று சொன்னதால் தண்டனை தள்ளிப்போனது. மேரி ரீட் அடுத்த ஆண்டு சிறையிலேயே இறந்துபோனாள். ஆன் போனி என்ன ஆனாள் என்பதற்கு உறுதியான ஆவணம் இல்லை. தூக்கிலிட்டார்கள் என்றும் இல்லை, விடுதலை செய்தார்கள் என்றும் இல்லை. முந்நூறு வருஷமாக ஒரு பெண் அந்தச் சிறை வாசலோடு காணாமல் போயிருக்கிறாள். அவளை அங்கிருந்து வெளியே கூட்டிக்கொண்டு வர ஒருத்தி எழுதுகிறாள், அதைப் படித்து இன்னொருத்தி அழுகிறாள். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஸ்டீட் பானெட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பார்படாஸில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த பணக்காரர், பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு, 1717இல் சொந்தக் காசில் கப்பல் வாங்கி, ஆட்களுக்குச் சம்பளம் பேசிக் கொள்ளைக்குப் போனவர். கப்பல் ஓட்டத் தெரியாது. கொஞ்ச நாளில் பிளாக்பியர்ட் என்ற பேர்போன கடற்கொள்ளையரோடு சேர்ந்துகொள்கிறார். 1718 நவம்பரில் பிளாக்பியர்ட் சண்டையில் சாகிறார், டிசம்பரில் பானெட்டைச் சார்லஸ்டனில் தூக்கிலிடுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே கப்பலில் இருந்த நாட்களில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? 2022இல் 'அவர் ஃபிளாக் மீன்ஸ் டெத்' என்று ஒரு தொடர் அந்த இடைவெளியில் ஒரு காதலை வைத்தது. இரண்டு சீசனோடு, 2024 ஜனவரியில், தொடர் அவ்வளவுதான் என்று அறிவித்துவிட்டார்கள். தொடர் நின்றாலும் கதை நிற்கவில்லை. இன்றைக்கும் யாரோ ஒருவர் எழுதுகிறார், யாரோ ஒருவர் விழித்திருந்து படித்துவிட்டு, கத்தாத குறையாகப் பின்னூட்டம் போடுகிறார். அந்தக் கத்தல் இல்லையென்றால் இதில் பாதிக் கதை எழுதப்பட்டே இருக்காது.

நானும் எழுதுகிறவள்தான், அது நிறையப் பேருக்குத் தெரியாது. 'பிளாக் செயில்ஸ்' என்ற கடற்கொள்ளையர் தொடரை வைத்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா தூத்துக்குடியில் தோணித் தண்டலாக, அதாவது தோணியின் தலைவராக இருந்தவர், கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போவார். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, இது கொண்டல், இது கச்சான், நாளைக்கு வாடை எழும்பும் என்று முகத்தில் படுகிற காற்றை வைத்தே சொல்வார். அவர் போன பிறகு அந்தப் பேச்சைக் கேட்க எங்கள் வீட்டில் யாரும் இல்லை. ஒரு அத்தியாயத்தில், அந்தத் தொடரின் கதை நடக்கிற நாசோ துறைமுகத்துக் கிழவன் ஒருவனுக்கு அவருடைய கையசைவையும் பேச்சையும் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு காற்றைப் பார்க்கிற கிழவன். இரண்டு நாள் கழித்து ஸ்காட்லாந்திலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருந்தார். அவருடைய அப்பா மீன்பிடிக்கிறவராம், அப்படித்தான் முகத்தைத் திருப்பி நிற்பாராம், அந்தப் பத்தியைத் தன் தம்பிக்குப் போனில் படித்துக் காட்டினாராம். கூடவே ஏகப்பட்ட ஆச்சரியக்குறி, அழுகிற ஸ்மைலி, எல்லாம் பெரிய எழுத்தில். சிரித்தவர்கள் கையில் அது கிடைத்திருந்தால் அதையும் போட்டிருப்பார்கள். எங்கள் தாத்தாவைப் பற்றி வீட்டுக்கு வெளியே ஒருவர் சொன்ன நல்ல வார்த்தை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இப்போது வரிசையாக வருவார்கள். முதலில், இன்னொருவர் படைத்த பாத்திரத்தை எடுத்து எழுதுவது திருட்டு என்பார்கள். 'டிரெஷர் ஐலண்ட்' எழுதிய ஸ்டீவன்சனே, கிளியை டீஃபோவிடமிருந்தும் எலும்புக்கூட்டை எட்கர் ஆலன் போவிடமிருந்தும் எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். 'பீட்டர் பான்' கதையில் கேப்டன் ஹுக் என்ற கொள்ளையனைப் படைத்த பாரி, அவன் பிளாக்பியர்டின் கப்பலில் வேலை பார்த்தவன் என்று எழுதினார். ஸ்டீவன்சனின் சமையல்காரக் கொள்ளையன் லாங் ஜான் சில்வரே பயந்த ஒரே ஆள் அவன்தான் என்றும் எழுதினார். 'பிளாக் செயில்ஸ்' தொடரே 'டிரெஷர் ஐலண்ட்' நாவலுக்கு இருபது வருஷம் முந்தைய கதையாகப் பின்னப்பட்டதுதான். நம் ஊரில், கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முடிந்த இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அதை யாராவது திருட்டு என்றார்களா? வீட்டில் பைண்டு பண்ணி வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் பெரிய எழுத்தாளர்கள், இவர்கள் யார் என்று கேட்பீர்கள். எழுத ஆரம்பிக்கும்போது யாரும் பெரிய எழுத்தாளர் இல்லை. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

இரண்டு ஆண்கள் காதலிப்பதாக எழுதுகிறார்கள், அசிங்கம் என்று அங்கே ஒருவர் எழுதியிருந்தார். அவரை பிளாக் செய்துவிட்டேன்.

கொலைகாரர்களை, அடிமை வியாபாரத்தில் காசு பார்த்தவர்களைக் கொண்டாடலாமா என்ற கேள்வி மட்டும் நியாயமானது. அதற்குப் பதில் சொல்கிறேன். பிளாக்பியர்டின் 'குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்' முதலில் 'லா கன்கார்ட்' என்ற பிரெஞ்சு அடிமைக் கப்பல். அவர் அதைப் பிடித்தபோது ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட மனிதர்கள் அதில் விலங்கோடு இருந்தார்கள். பானெட்டின் தோட்டமும் அடிமைகளின் உழைப்பில்தான் ஓடியது. இதையெல்லாம் எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. ஒரு ஃபேன் ஃபிக்‌ஷன் கதையின் முடிவில் எழுதியவர் போட்டிருந்த குறிப்பில்தான் முதலில் படித்தேன். அதன் கீழே வாசகர்கள் நாள்கணக்கில் பேசினார்கள், சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள், எழுதியவர் அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்து ஆள் ஒருவனின் பார்வையிலேயே புதிய கதை ஒன்று எழுதினார். உருகிப் படிக்கிறவர்களுக்கு மூளை இருக்காது என்று யார் முடிவு செய்தது? ஒரு கதையை நேசிக்கிறவர்கள்தான் அதில் என்ன கோளாறு என்றும் ராத்திரி பகலாக யோசிக்கிறார்கள்.

எனக்கு ரொம்ப நாளாக மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் இலக்கியக் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். மேடையில் ஆறு பேர் ஆளுக்கு அரை மணி நேரம் பேசுவார்கள். புத்தகம் எழுதியவர் ஏற்புரை சொல்வார். எனக்கு இந்த இடத்தில் அழுகை வந்தது என்று எழுந்து சொன்ன ஒருவரையும் அங்கே நான் பார்த்ததில்லை. சொன்னால் சிரிப்பார்களோ என்ற பயம்தான், வேறென்ன? நானே கைதூக்க நினைத்து அடக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அப்புறம் அதே ஆட்கள், இளைஞர்கள் படிப்பதில்லை, எழுத்தாளனுக்கு வாசகர் கடிதமே வருவதில்லை என்று வருஷாவருஷம் வருத்தப்படுகிறார்கள். இதோ ஒரு இருபது வயசுப் பிள்ளை ஒரு பக்கத்துக்கு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறாள். அதைத்தான் ஊர் நடுவில் தூக்கிப் பிடித்துச் சிரித்தீர்கள்.

அந்தப் பிள்ளை நேற்று இரவு தன் பின்னூட்டங்களை எல்லாம் அழித்துவிட்டாள். அந்தக் கதைக்குக் கீழே மட்டுமில்லை, என் கதைகளுக்குக் கீழே இருந்ததையும் சேர்த்து. கதையை எழுதிய அக்காவும் அடுத்த அத்தியாயம் இப்போதைக்கு வராது என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பதிவைப் போட்ட அண்ணனுக்கு இது வந்து சேரும் என்று தெரியும், பொதுவான நண்பர்கள் நிறைய இருக்கிறார்கள். மன்னிப்பு கேட்பது உங்கள் விருப்பம். ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டில் அவள் பெயரும் படமும் மறைக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.