பர்மீஸ் பூனையும் வம்சாவளிச் சீட்டும்

எங்கள் வீட்டுப் பூனையின் படத்தைப் பதிவிட்ட பிறகு உட்பெட்டியில் வந்த கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான்: என்ன விலை, குட்டி கிடைக்குமா. அது பர்மீஸ் இனம். சிங்கப்பூரிலிருந்து குடிபெயர்ந்து வந்த என் மைத்துனர் உரிய அனுமதி பெற்று அதைக் கொண்டுவந்தார். பின்னர் வேலை நிமித்தம் பெங்களூர் சென்றபோது, நாள் முழுவதும் பூட்டிய அடுக்ககத்தில் தனியே விட மனமின்றிக் காரைக்குடியில் எங்களிடம் ஒப்படைத்தார். ஆகையால் விலை எனக்குத் தெரியாது. குட்டியும் கிடைக்காது, ஏனென்றால் கருத்தடை செய்தாகிவிட்டது. அரிய இனம் என்றாலே அதைப் பெருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். நான் அதற்கு மாறாக நினைக்கிறேன், அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பர்மா என்றதும் நம் பக்கத்தில் தேக்கும், நகரத்தார் தொழில் நடத்திய ரங்கூன் மொகல் தெருவும்தான் நினைவுக்கு வரும். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் கப்பலில் அனுப்பிய மரம் இன்னும் வீட்டு வளவில் தூணாக நிற்கிறது. அந்த நாட்டுப் பூனையை யாரும் கொண்டுவந்ததாக எங்கள் வீட்டில் பேச்சில்லை. கொண்டுபோனவர் ஜோசப் தாம்சன் என்னும் அமெரிக்க மருத்துவர். வாங் மாவ் என்ற பழுப்பு நிறப் பெண் பூனை 1930இல் சான் பிரான்சிஸ்கோவில் அவரிடம் வந்து சேர்ந்தது. அதற்கு ஏற்ற ஆண் பூனை அங்கே இல்லாததால் டாய் மாவ் என்ற சயாமியப் பூனையோடு இணை சேர்த்தார். குட்டிகளில் சில சயாமியச் சாயலிலும் சில தாயின் சாயலிலும் பிறக்கவே, வாங் மாவே ஒரு கலப்பு என்பது தெரியவந்தது. பிறகு அதை அதன் மகனோடு சேர்த்தபோது பிறந்த அடர்பழுப்புக் குட்டிகளே இந்த இனத்தின் தொடக்கம். அமெரிக்கப் பூனை வளர்ப்போர் சங்கம் 1936இல் இதை ஏற்றது. சயாமியக் கலப்பு மிகுந்துவிட்டதென்று 1947இல் பதிவை நிறுத்தியது. சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஏற்றது.

தாயும் மகனும் என்பதை நான் மழுப்பாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மைத்துனர் கொடுத்த வம்சாவளிச் சீட்டை ஒருநாள் அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் ஒரே ஆண் பூனையின் பெயர் வந்ததும், "இது என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்டார்கள். ஒன்பது கோயிலாகப் பிரிந்து, ஒரே கோயிலில் ஒரே பிரிவில் உள்ளவர்களை உடன்பிறந்தவர்களாகக் கருதிப் பெண் கொடுத்து எடுக்காத நகரத்தார் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சீட்டில் இருப்பது பெருமையன்று என்பது உடனே விளங்கிவிட்டது. பூனை இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில் மரபு வேறுபாடு மிகக் குறைந்தவையாகக் காணப்பட்டவை பர்மீஸும் சிங்கப்புரா என்னும் இன்னோர் இனமுமே.

இந்த நெருக்கத்தின் விளைவு பூனையின் உடம்பில் தெரிகிறது. இந்த இனத்தில் சில குட்டிகளுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, தலையைத் தூக்க முடியாமல் மோவாய் நெஞ்சில் படும்படி தொங்கிவிடும், நடை தள்ளாடும். இதற்குக் காரணமான மரபணுப் பிழையை 2012இல் கண்டறிந்தார்கள், கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுத்து அனுப்பினால் சோதித்துச் சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்கக் கிளையில் வட்ட முகம் வேண்டுமென்று தேர்ந்தெடுத்துப் பெருக்கியதில், அந்த முகத்தைத் தரும் மரபணுவைத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்ற குட்டிகள் மண்டை சிதைந்து பிறந்து பிழைக்காமல் போகின்றன. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள பர்மீஸ் பூனைகளுக்குச் சர்க்கரை நோய் மற்றப் பூனைகளைவிட அதிகம். விருதுப் பட்டயம் எத்தனை காட்டினாலும், பெற்றோர் இரண்டின் சோதனை முடிவும் இல்லாத குட்டியை நான் வாங்க மாட்டேன்.

வளர்ப்பைப் பொறுத்தவரை, குட்டையான, படிந்த ரோமம் என்பதால் நம் சித்திரை வெயிலை இது பெர்சியனைவிட நன்றாகவே தாங்குகிறது. (சப்பை மூக்கும் நீண்ட முடியுமாய் மூச்சு வாங்கும் பெர்சியனைச் சிவகங்கைச் சீமையில் விற்பவர்களை என்ன சொல்வது!) முற்றத்துக்கு மேலே ஏற்கெனவே கம்பி வலை இருந்ததால் ஓட்டின்மேல் ஏறித் தெருவுக்குப் போகும் கவலையும் இல்லை. கவனம் வேண்டியிருந்தது தரையில்தான். ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினால் அது நஞ்சாகிவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்கு நல்ல தண்ணீரும் அவ்வப்போது எண்ணெய்த் துணியுமே போதுமென்று வேலைக்கு வரும் அக்காவிடம் சொல்லி, பினாயில் புட்டியையே வீட்டைவிட்டு அகற்றினோம். பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும் என்பதையும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

சமையல் மிச்சத்தைக் கொடுப்பதும் இங்கே நடக்காது. சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு நம் வீட்டில் ஏது? அவை இரண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. தயிர்ச் சோற்றிலும் டாரின் என்னும் சத்து இல்லை; அது குறைந்தால் கண்பார்வையும் இதயமும் கெடும் என்பது 1980களிலேயே உறுதியான செய்தி. ஆகவே உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி, கூடவே டாரின் சேர்த்த பூனை உணவு. வெள்ளிக்கிழமையும் கார்த்திகைச் சோமவாரமும் இறைச்சியா என்று ஆத்தா முகம் சுளித்தார்கள்; தட்டை இரண்டாங்கட்டுக்கு மாற்றியதும் அந்தப் பேச்சு ஓய்ந்தது.

உணவைவிட இதற்கு முக்கியம் ஆள். அறைக்கு அறை பின்னாலேயே வரும், கணக்கெழுத உட்கார்ந்தால் நோட்டின்மேல் படுக்கும், யாரும் இல்லையென்றால் கரகரத்த குரலில் கத்திக்கொண்டே திரியும். நம் பெரிய வீடுகளில் பல, கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. சாவியோடு பூனையையும் காவல்காரரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறலாம் என்று எண்ணுபவர்கள் இந்த இனத்தைத் தேட வேண்டாம். இங்கேயே இருப்பவர்கள், பூனைதான் வேண்டும் என்றால், பின்கட்டில் குட்டி போட்டிருக்கும் தெருப் பூனையிடமிருந்து இரண்டு மாதம் ஆன குட்டியாக எடுத்து, தடுப்பூசி போட்டு, உரிய வயதில் கருத்தடை செய்து வளர்க்கலாம். அந்தக் குட்டிக்கு இனப் பெயரும் சீட்டும் இல்லை என்பதற்காக அப்பத்தா அதை ஒன்றும் சொல்லப் போவதில்லை.